வலது கண்ணா, இடது கண்ணா? மகனின் ஸ்டெம் செல் அறுவைக்கு முன் பட்ட பாடு

என் மகனுக்கு ஏழு வயது. போன வருடம் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டை அவன் அழுத்த, அது பிய்ந்து வலது கண்ணில் தெறித்துவிட்டது. குழாயடியில் கழுவினோம், ஆனால் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டோம். அரை மணி நேரமாவது விடாமல் கழுவியிருக்க வேண்டும். இமைக்கு அடியில் ஒட்டிய துணுக்கு அரித்துக்கொண்டே இருக்கும்.

மாதக்கணக்கில் சொட்டு மருந்து. சிவப்பு அடங்கியதும் பார்த்தால் கருவிழி மேல் வெள்ளைப் படலம், அதில் மெல்லிய ரத்தக் குழாய்கள். கருவிழியின் மேல்பரப்பைப் புதுப்பிக்கும், அதன் ஓரத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள் எரிந்துவிட்டன, தானக் கருவிழி வைத்தாலும் நிற்காது என்றார் டாக்டர். ஸ்லெட் (SLET) என்ற ஸ்டெம் செல் மாற்று அறுவையைச் சொன்னார். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் டாக்டர் விரேந்தர் சங்வான் குழு உருவாக்கி 2012இல் வெளியிட்ட முறை. நல்ல கண்ணின் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் துண்டு எடுத்து, எட்டு பத்துத் துணுக்காக நறுக்கி, அடிபட்ட கண்ணில் விரித்த பனிக்குடச் சவ்வின் (கருவில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு) மேல் பசையால் ஒட்டுவார்கள். முன்பு ஆய்வகத்தில் வளர்த்த செல்கள் இப்போது கண்ணிலேயே வளர்கின்றன.

இரவு பஸ் ஏறி சென்னை போய் அட்மிஷனில் நின்றோம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்த சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "இதுல இடது கண்ணுன்னு இருக்கே?" இரண்டு கண்ணிலும் கத்தி படும் அறுவை இது. ஒன்று கொடுக்கும் கண், ஒன்று வாங்கும் கண். திருத்திக் கொண்டுவாருங்கள் என்று தேதியைத் தள்ளிவிட்டார்கள். அவர் செய்தது சரிதான். அந்தச் சிஸ்டருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் சிகிச்சை பார்த்த மருத்துவமனையில்தான் வயிறு எரிந்தது. "கம்ப்யூட்டர்ல இருக்கறதத்தான் சார் பிரிண்ட் கொடுக்க முடியும். டாக்டர் லீவு, திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமையும் டாக்டர் வரவில்லை. என் மனைவிதான் முதல் நாள் ஓ.பி. சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தாள். அதில் தெளிவாக வலது கண் என்று இருந்தது. அதைக் காட்டி, ரெக்கார்டு ரூமில் இருக்கும் ஒரிஜினல் கேஸ் ஷீட்டை எடுக்கச் சொல்லி, நேராக ஆர்.எம்.ஓ.விடம் (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) போனோம். பத்தே நிமிடத்தில் திருத்தி, கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்தார்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கவுன்டரை விட்டு நகரும் முன்பே பெயர், வயது, எந்தப் பக்கம் என்று படித்துப் பாருங்கள். முதல் நாள் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். குழந்தைக்குச் சளி இருந்தால் கிளம்பும் முன் போன் செய்துவிடுங்கள், மயக்க மருந்து கொடுப்பதைத் தள்ளிப்போடலாம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அடிபட்ட கண்ணின் பார்வை மங்காமல் பழக, இப்போது நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைக்கிறோம். நேற்று அப்படி மூடியிருந்தபோது, சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்து, "அப்பா, பதினேழு" என்றான். பதினேழுதான்.