பேசாத மார்ச்

மார்ச் 11
குரல்நாணில் ரத்தக்கசிவு. பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. கிசுகிசுக்கும்போதும் குரல்நாண்கள் இறுகும். செருமலும் அப்படித்தான், தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்க வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் பக்கம் போகவே கூடாது, ரத்தக்கசிவு கூடும். வலித்தால் பாராசிட்டமால்.

மார்ச் 12
தாளும் பேனாவும்.

மார்ச் 13
ஆபரா பாடகி கிறிஸ்டா லுட்விக்குக்கும் இதே கதைதான். 1970-களில், மாதவிடாய் நிற்கும் பருவத்தில், குரல்நாணின் நுண் ரத்தக்குழாய்கள் வெடித்தன. மத்திய ஸ்தாயி ‘ஏ’ சுரம் பாடினாலே நாண்கள் நொடிக்கு 440 முறை மோதுகின்றன. குழாய் வீங்கியிருக்கும் நாளில் அழுத்திப் பாடினால் தோலுக்கடியில் ரத்தம் கசியும், அந்த நாண் மட்டும் கனத்துப்போகும், இரண்டும் சேர்ந்து அதிராது. முதலில் போவது மேல் சுரங்களும் மென்மையும். உரத்துப் பாடினால் ஒலி வந்துவிடும். அதை நம்பி இன்னும் பாடுகிறார்கள். பிறகு பாலிப் என்ற சதைக்கட்டி, தழும்பு.

அவர் மீண்டு வந்தார். அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 16
லுட்விக்கின் பிறந்த நாள். 1928, பெர்லின். அம்மாதான் குருவும். 18 வயதில் பிராங்பர்ட் ஆபரா மேடையில் ஓர்லோஃப்ஸ்கி வேடம். 1955-இல் இசை நடத்துநர் கார்ல் போம் வியன்னா ஆபராவுக்கு அழைத்துக்கொண்டார். நேற்றிலிருந்து கிளெம்பரர் இசை நடத்த லுட்விக் பாடிய 1962 ‘ஃபிடேலியோ’, பீத்தோவனின் ஆபரா, ஓடுகிறது. நாயகி லியோனோரெயின் தனிப்பாடல் உச்ச ‘பி’ சுரம் வரை ஏறும். லுட்விக் போன்ற மெஸ்ஸோவுக்கு (உச்சப் பெண்குரலுக்கு ஒரு படி கீழான குரல்) அந்த ஒரு சுரம் எட்டாததல்ல. ஆபத்து அதற்குக் கீழே: ‘ஈ’, ‘ஜி’ சுரங்களுக்கு நடுவில், முழு இசைக்குழுவுக்கு மேலாக, மணிக்கணக்கில் குடியிருப்பது. குரல் மாறும் இடமே அதுதான். நெஞ்சுக்குரலின் கனத்தை அதற்கு மேலே இழுத்துப்போனால் நாண் தாங்காது.

பெரிய நடத்துநர்கள் கேட்டும் வாக்னரின் கனமான நாயகி வேடமான இசோல்டேயை அவர் மேடையில் பாடவில்லை. கடைசிக் காட்சியை மட்டும் ஒலிப்பதிவில் பாடினார். 1966-இல் பைராய்ட்டின் வாக்னர் விழாவில் இசோல்டேயின் தோழி பிராங்கேனேயாகத்தான் நின்றார். இந்த மறுப்பை லியோனோரெயைவிடப் பெரிய சாதனை என்பேன். 1994 டிசம்பரில், 66 வயதில், வியன்னாவில் ‘எலெக்ட்ரா’ ஆபராவின் கிளிட்டெம்னெஸ்ட்ராவாக விடைபெற அந்தக் குரல் மிச்சமிருந்தது இதனால்தான்.

மார்ச் 17
எதையும் கேட்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 18
மாலரின் ‘பூமியின் பாடல்’, மறுபடி கிளெம்பரர். ஆண்குரல் பாடிய வுண்டர்லிச்சும் லுட்விக்கும் தனித்தனியே பதிவு செய்தது என்பது கேட்டால் தெரியாது. கடைசிப் பாடல் அரைமணி நேரம். முடிவில் ‘ஏவிக்’ (என்றென்றும்) என்ற சொல் க, ரி என்று இறங்கி நிற்கிறது. குரல் சட்ஜத்துக்கு வருவதேயில்லை. அவ்வளவு மெல்ல, காற்றுக் கசியாமல். ரத்தம் கட்டிய நாணால் இதைப் பாடவே முடியாது. எத்தனை முறை கேட்டாலும் அந்த ரி-யில் மூச்சடைக்கிறது.

மார்ச் 19
நாளை ஸ்ட்ரோபோஸ்கோப்பி, நாண்களின் அதிர்வைப் பார்க்கும் பரிசோதனை. ரத்தம் வடிந்திருந்தால் முதலில் ஸ்ட்ரா வைத்துக் குரல் பயிற்சி: கோப்பைத் தண்ணீரில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மட்டும் அமிழ்த்தி, குமிழி சீராக வர ‘ஊ’. மூன்று நிமிடம், பிறகு ஓய்வு. சுருதி நடு ஸ்தாயியிலேயே இருக்கட்டும். குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு தள்ளுகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்த வேண்டும். உச்ச சுரம் எதையும் சோதித்துப் பார்க்கக் கூடாது, ஒரே ஒரு முறைகூட.

எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். பழைய ரிப்போர்ட்டை எடுத்து வைக்கணும்.