ஃபோர்க் கசிவு: சீலை மாற்றுவதற்கு முன் டியூபைப் பாருங்கள்

பழைய பைக்கின் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும், ஆயிலும் ஸ்பிரிங்கும் உள்ள இரண்டு கால்கள்) கசிகிறது என்றால் உடனே வரும் யோசனை, "கெட்டி ஆயில் ஊத்திப் பாருங்க." அதில் கசிவு நிற்காது. கீழ்க்காலுக்குள் ஏறி இறங்கும் குரோம் குழாய்தான் டியூப்; கீழ்க்காலின் வாயில் அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் சீல். சீலின் உதடு டியூபோடு ஒட்டி நிற்கும்வரைதான் ஆயில் உள்ளே இருக்கும். உதட்டடியில் மண் சிக்கினாலோ டியூபில் குழி விழுந்தாலோ எந்த ஆயிலும் வெளியே வரும்.

சீல் வாங்கும் முன் டஸ்ட் சீலை (மேலே இருக்கும் தூசித் தடுப்பு வளையம்) மேலே தள்ளிவிட்டு, பழைய கேமரா ஃபிலிம் துண்டை உதட்டுக்கும் டியூபுக்கும் நடுவே நுழைத்துச் சுற்றி வாருங்கள். கறுப்பாக மண் வரும். துடைத்துவிட்டு ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிப் பாருங்கள். பல கசிவுகள் இதிலேயே நின்றுவிடும்.

நிற்காவிட்டால் விரல் நகத்தால் டியூபைத் தடவுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்காற்றுக்கு குரோம் தாங்காது. அங்கே மெரிபேங்க், பிளஃப் பக்கம் வெளியில் நிறுத்தும் பைக் என்றால் சீலுக்குச் சற்று மேலேதான் குழி இருக்கும். ரப்பர் பூட் மாட்டினால் பாதுகாப்பு என்பார்கள். ஈரம் உள்ளே தங்கினால் அதுவே துருவை வளர்க்கும். ஒரு கேபிள் டையை டியூபில் கட்டி ஓட்டினால் சீல் எதுவரை ஏறுகிறது என்று தெரியும். அதற்கு மேலே உள்ள குழியைப் பொருட்படுத்த வேண்டாம். சீல் ஏறும் எல்லைக்குள் குழி இருந்தால், மேடான ஓரத்தை 1000 எமரி தாளில் ஆயில் தொட்டு, டியூபைச் சுற்றிய திசையில் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறலே ஆயிலுக்கு வாய்க்கால். பிறகு எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, குழியில் எபாக்சி நிரப்பி, காய்ந்ததும் 2000-இல் மட்டம் பண்ணுங்கள். குரோம் உரிந்திருந்தால் ஹார்டு குரோம்தான் போட வேண்டும். பம்பருக்குப் போடும் அலங்கார குரோம் இங்கே உதவாது.

டியூப் ஆடினால் புஷ் (டியூபை ஆடாமல் தாங்கும் உள்வளையம்) தேய்ந்திருக்கிறது. புது சீலும் சீக்கிரம் போய்விடும். பழைய ஃபோர்க் சிலவற்றில் தனி புஷ்ஷே கிடையாது, கீழ்க்கால்தான் தேயும். வடித்த ஆயில் சாம்பல் நிறமாக மினுக்கினால் உள்ளே உலோகம் உராய்கிறது. பால் போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கீழ்க்காலின் அடியிலுள்ள ஆலன் போல்ட்டை, மேல்மூடி கழற்றும் முன்பே இளக்கிவிடுங்கள். ஸ்பிரிங் அமுக்கம் போய்விட்டால் உள்ளே டேம்பர் ராடும் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துளையுள்ள குழாய்) சேர்ந்து சுற்றும். அந்த போல்ட்டின் செம்பு வாஷரைப் புதிதாகப் போடாவிட்டால் அடியிலிருந்து கசியும். சீல்தான் போச்சு என்று மறுபடி பிரிப்பார்கள். சீலை இறக்கும்போது டியூப் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ஆயில் தடவுங்கள். உதட்டைச் சுற்றியுள்ள சுருள் கம்பி இருக்கும் பக்கம் கீழ்நோக்கி, ஆயில் பக்கம் இருக்க வேண்டும்.

இனி ஆயில். டப்பாவில் உள்ள 10 டபிள்யூ என்ற எழுத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 10 இன்னொன்றின் 15-க்குப் பக்கத்தில் நிற்கும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையின் அளவு) என்று டேட்டா ஷீட்டில் பாருங்கள். பழைய ஹோண்டா மேனுவல்கள் பலவற்றில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்றே இருக்கும். அதில் டெக்ஸ்ரான் 3 வகை ஏறத்தாழ 35 சென்டிஸ்டோக். அங்கிருந்து தொடங்கலாம். டேம்பர் ராடு ஃபோர்க்கில் ரொம்பக் கெட்டியாக்கினால் ஸ்பீட் ஹம்ப்பில் ஆயில் துளை வழியே ஓட நேரமில்லாமல் கை உதறும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவின் குளிர்காலக் காலையில் அது இன்னும் மோசம். முன்பக்கம் தொங்கினால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஆயில் அதைத் தூக்காது.

அளவுக் குப்பியை விட உயரமே நம்பகம். ஸ்பிரிங் இல்லாமல், டியூபை மெதுவாகப் பத்து முறை இழுத்துத் தள்ளிக் காற்றை வெளியேற்றி, முழுக்க அமுக்கி, டியூப் வாயிலிருந்து ஆயில் மட்டத்தை அளக்க வேண்டும். உள்விட்டம் 31 மி.மீ. என்றால் 10 மி.மீ. உயரம் சுமார் 7.5 மில்லி. மேனுவல் சொல்வதற்கு மேலே ஏற்றினால் காற்றிடம் குறைந்து, முழுக்க அமுங்கும்போது அழுத்தம் சீலைப் பிதுக்கிவிடும். இரண்டு காலும் ஒரே மட்டம்.

சக்கரம் மாட்டியதும் ஆக்சில் பிஞ்ச் போல்ட்டை (சக்கர அச்சைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்) கடைசியில், முன்பிரேக் பிடித்து ஃபோர்க்கை அமுக்கி விட்ட பிறகே இறுக்குங்கள். கால்கள் இணையாக நிற்காவிட்டால் சீல் ஒருபக்கம் தேயும். கசிந்த ஆயில் பிரேக் பேடில் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை, புதுசு போடுங்கள். டிஸ்க்கை பிரேக் கிளீனரில் துடைத்தால் போதும்.