கீமோ நாற்காலியில் என்ன பாட்டு கேட்கலாம்?

மிகவும் பிடித்த பாட்டை, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ அறைக்குள் கொண்டுவராதீர்கள். இசை சிகிச்சை தரும் நாங்கள் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுவோம். கேட்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இசை சிகிச்சை என்றால் பிடித்ததைப் போட்டுக் கேட்பதுதானே என்பார்கள். ஆனால் குமட்டல் வந்த நேரத்தில் பக்கத்தில் எது இருந்ததோ, அதையும் குமட்டலையும் மூளை சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். வாசனையும் சுவையும்தான் முதலில் மாட்டும். சத்தமும் மாட்டலாம். மூன்றாவது, நான்காவது மருந்துச் சுற்றில் சிலருக்கு மருந்து ஏறுவதற்கு முன்பே, ஆஸ்பத்திரி வாசலிலேயே வயிற்றைப் புரட்டுவது இதனால்தான். இருபது வருடமாகத் துணையிருந்த ஒரு பாட்டை அந்த முடிச்சில் மாட்டிவிட்டால் பிறகு அவிழ்ப்பது கஷ்டம்.

அதனால் இரண்டு பட்டியல் போடச் சொல்வோம். மருந்து ஏறும் நேரத்துக்கு, பிடித்த வகையைச் சேர்ந்த, ஆனால் மனதில் ஒட்டாத இசை. பெரும்பாலும் வரிகள் இல்லாதது. உயிரான பாட்டுகள் எல்லாம் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே, உடம்பு தேறி வரும் நாட்களுக்கு. மூன்றாவதாக ஒரு சின்னக் குறிப்பும் உண்டு: எதைப் போடவே கூடாது என்பது. யாருடைய மரணத்தையாவது, முறிந்துபோன உறவையாவது நினைவுபடுத்தும் பாட்டு எது என்று நாம்தான் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்வது குறைவு.

எதிர்பார்ப்பையும் முதலிலேயே அளந்து வைத்துவிடுவது நல்லது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 81 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பெரியவர்களில் பதற்றம், வலி, களைப்பு ஆகியவை குறைய இசை உதவக்கூடும் என்பது அதன் முடிவு. கட்டி சுருங்கும் என்று அதில் எங்கும் இல்லை. இன்ன நோய்க்கு இன்ன இசை என்று கைபேசியில் சுற்றிவரும் பட்டியல்களை நாங்கள் கண்டுகொள்வதில்லை. மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்யலாம் என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு. ஊசி குத்துவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பே இசை ஓட ஆரம்பிக்க வேண்டும். குத்தும்போது அவசரமாகத் தொடங்கினால் பயன் குறைவு. தொடங்குவதற்கு முன் பதற்றம் எவ்வளவு என்று 0 முதல் 10க்குள் ஓர் எண் கேட்டுக் குறித்துக்கொள்வோம். முடிந்ததும் மறுபடி கேட்போம்.

பலர் சறுக்குவது வேகத்தில். பயந்து மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு எடுத்த எடுப்பிலேயே தாலாட்டு வேகத்தில் ஒன்றைப் போட்டால் எரிச்சல்தான் வரும். அவர் இருக்கும் இடத்துக்கு இசை போய், அங்கிருந்து அவரைக் கையைப் பிடித்து இறக்க வேண்டும். நிமிடத்துக்கு 90, 100 தட்டு உள்ள ஒன்றில் ஆரம்பித்து, துண்டுக்குத் துண்டு பத்துப் பத்தாகக் குறைத்து, 60 முதல் 70க்கு வந்து நிற்கலாம். கணக்குப் போடக் கருவி தேவையில்லை: 15 விநாடிக்குத் தொடையில் தட்டி எண்ணி நாலால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் முன்னதாகவே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெட்டில் ஓடவிட்டால் மெல்லிய புல்லாங்குழலுக்கு நடுவே விளம்பரம் அலறும்; அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

ஹெட்ஃபோன் ஒரு காதில் மட்டும், அதுவும் நர்ஸ் நிற்கும் பக்கத்துக்கு எதிர்க் காதில். வெளிச் சத்தத்தை அடைக்கும் வகை வேண்டவே வேண்டாம். மருந்து ஏற்றும் பம்பின் அலாரம் கேட்க வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று இதைவிட முக்கியம்: டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்துகள் ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தசையையே அரித்துவிடும். ஊசி இடத்தில் எரிச்சல், இறுக்கம் தெரிந்த அந்த நிமிடமே சொல்ல வேண்டும். இசையில் மூழ்கி, 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்று இருந்துவிடக் கூடாது. ஒவ்வாமைக்காக முன்கூட்டிப் போடும் ஊசியால் தூக்கம் வந்துவிட்டால் இசையை நிறுத்திவிடலாம். நிறுத்தும்போது பட்டென்று வெட்டாமல், பத்து விநாடியில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை எடுப்பவர்களின் காதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அந்த மருந்து முதலில் கீச்சென்ற உயர் ஒலிகளைத்தான் பறிக்கும். காதில் ரீங்காரமும் வரலாம். 'இப்போதெல்லாம் பாட்டு மங்கலாக் கேக்குது' என்று அவர் சொன்னால் சத்தத்தைக் கூட்டுவது தவறு. டாக்டரிடம் சொல்லிச் செவித்திறன் பரிசோதனை செய்ய வேண்டும். மற்றவர்களுக்கும், கை எட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழும் அளவுக்குச் சத்தம் இருந்தால் போதும்.

வாத்தியம் வாசிப்பதும் பாடுவதும் இசை சிகிச்சையில் உண்டு, ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் தொடங்குவதில்லை. தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு குறைந்திருந்தால் துடைக்க முடியாத தோல் வாத்தியங்கள் வேண்டாம். ஊதும் வாத்தியத்தை எந்த நிலையிலும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளக் கூடாது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்திருந்தால் பலமாகத் தட்டி வாசிப்பதைத் தள்ளிப்போடுவோம், கையில் ரத்தம் கட்டிவிடும். பாக்லிடாக்சல், வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்துகள் இரண்டும் விரல் நுனியை மரக்கவைப்பதால், நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களே தந்தி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். அவர்களிடம் பழைய வாத்தியத்தைக் கொடுப்பது இரக்கம் இல்லை. புதிதாக, எளிதாக ஒன்றைக் கொடுங்கள். வாய்ப்புண் இருந்தால் பாட்டுக்குப் பதில் வாயை மூடி முனகல் போதும்: நாலு எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஆறு எண்ணிக்கைக்கு 'ம்' என்று விடுவது.

கதிர்வீச்சு அறை வேறு கணக்கு. தலை, கழுத்துக்கு முகமூடி மாட்டிப் படுக்க வைக்கும்போது ஹெட்ஃபோனுக்கு இடமில்லை. அறை ஸ்பீக்கரில்தான் போட முடியும். கால் தாளம் போடாத இசையாக இருக்க வேண்டும், உடல் அசையக் கூடாது. 'இந்தத் துண்டு முடியும்போது எல்லாம் முடிந்துவிடும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படுத்திருக்கும் நிலையைப் படம் எடுத்துச் சரிபார்ப்பதில் சில நாள் கூடுதல் நேரம் ஆகும். இசை நின்று இயந்திரம் நிற்காத அந்த இரண்டு நிமிடத்தில், முகமூடிக்குள் இருப்பவருக்கு ஏதோ தவறாகிவிட்டது என்றே தோன்றும். எப்போதும் பத்து நிமிடம் மிச்சம் இருக்கும்படி தொகுத்து வையுங்கள்.

நடுவில் கண்ணீர் வந்தால் உடனே நிறுத்தாதீர்கள். 'தொடரட்டுமா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் தலையசைத்து ஆமாம் என்பார்கள். கவலைப்பட வேண்டிய அடையாளம் வேறு: இறுகிய தாடை, பொத்திய முஷ்டி, 'நல்லாத்தான் இருக்கு' என்ற மரியாதைப் பதில். பாட்டைத் தேர்ந்தெடுத்தது உறவினராக இருந்தால் இந்தப் பதில் இன்னும் அதிகம் வரும். அப்போது பிளேயரை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுவோம், நிறுத்தும் பொத்தான் எது என்று காட்டி.