மண்டலத் திட்டத்துக்கு நம் ஊர்கள் எழுத வேண்டிய பதில்

மண்டலத் திட்டம், அதாவது பல ஊர்களைச் சேர்த்து எங்கே என்ன வளரலாம் என்று அரசு போடும் திட்டம், என்ற பேச்சு வந்தாலே நம் பக்கத்துப் பேரூராட்சிகளில் யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது சென்னையில் உட்கார்ந்து போடுகிற விஷயம், கடைசியில் நமக்கு ஒரு கடிதம் வரும், மன்றக் கூட்டத்தில் பத்தோடு பதினொன்றாக ‘ஆட்சேபணை இல்லை’ என்று தீர்மானம் போட்டு அனுப்பிவிடலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் மண்டலத் திட்டங்கள் தயாரிக்கும் வேலையை அரசு கையில் எடுத்திருக்கும் இந்த நேரத்தில் அப்படி விட்டால், செட்டிநாடு இழக்கப்போவது அதிகம்.

நான் காரைக்குடியில் கட்டட வரைபடம் போடுகிறவன். வீட்டு பிளான், மனைப்பிரிவு, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவலுக்கான தாள்கள் என்று இதே வேலைதான். ஊர் எந்தப் பக்கம் வளர்கிறது என்பது என் மேஜைக்கு வருகிற சர்வே எண்களிலேயே தெரிந்துவிடும். 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் அதற்குள் வந்தன. அதிலிருந்து மனை விற்பவர்களின் நோட்டீஸ்களில் ‘கார்ப்பரேஷன் லிமிட்’ என்ற வார்த்தை பெரிய எழுத்தில் வருகிறது. எல்லைக்கு வெளியே இருக்கிற மனைகூட ‘லிமிட்டுக்கு மிக அருகில்’ என்று விற்கிறது. திருச்சி–இராமேஸ்வரம் சாலையை ஒட்டிப் போனால் செம்மண் காடுகளில் வெள்ளை அடித்த மனைக்கற்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம்.

வளர்ச்சியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சோறே அதில்தான் இருக்கிறது. ஆனால் எங்கே வளரலாம், எங்கே கூடாது என்று ஒரு வரைபடத்தில் நிறம் அடிக்கிறபோது, அந்த வரைபடத்துக்குத் தெரியாத ஒன்று நம் ஊர்களில் இருக்கிறது. அதுதான் வரத்துக்கால், ஊருணிக்கு (ஊர்ப் பொதுக் குளத்துக்கு) மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்கால்.

செட்டிநாட்டில் ஊருணி இல்லாத ஊர் கிடையாது. குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக வெட்டினார்கள். ஆற்றுப் பாசனம் இல்லாத சீமை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் சித்திரை, வைகாசியில் தண்ணீர். வீட்டுக் கூரையில் விழுகிற மழை வளவுக்குள் (வீட்டு நடு முற்றத்துக்குள்) இறங்கி, அங்கிருந்து தெரு வாய்க்கால் வழியாக வெளியே போய் ஊருணியில் சேரும்படி தெருக்களுக்கே வாட்டம் (சரிவு) கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே மேட்டு நிலத்திலிருந்து வருகிற தண்ணீருக்குத் தனியாக வரத்துக்கால் உண்டு. ஊருணி நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த ஊருணிக்கோ கண்மாய்க்கோ போகும். ஓர் ஊரின் மறுகால்தான் அடுத்த ஊரின் வரத்து.

திட்ட வரைபடத்தில் ஊருணி நீல நிறத்தில் அழகாக இருக்கும். அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால் இருக்காது. இருந்தாலும் பாதி தூரம்தான் இருக்கும். காரணம் இருக்கிறது. புறம்போக்கில் ஓடுகிற பகுதி மட்டும் புல வரைபடத்தில் இரட்டைக் கோடாக வரும். பட்டா நிலத்துக்குள் நுழைந்ததும் கோடு நின்றுவிடும். தண்ணீர் மட்டும் காலங்காலமாக ஓடிக்கொண்டிருக்கும். அது எந்த வரப்பின் ஓரமாகப் போகிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

போன மழைக்காலத்தில் பள்ளத்தூர் பக்கத்தில் ஓர் ஊருக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல மழை. இருந்தும் குடிதண்ணீர் ஊருணி பாதிகூட நிறையவில்லை. ஊருணிக்கரையில் குடியிருக்கிற ஓர் ஆச்சி, “மழை பெய்யலேன்னா சாமியைக் கும்பிடலாம் தம்பி. மழை பெஞ்சும் தண்ணி வரலேன்னா யாரைப் போய்க் கேக்குறது?” என்றார். கிராம வரைபட நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னே நடக்க, கல்மடையிலிருந்து மேலே போனோம். தைல மரத் தோப்பு வரைக்கும் கால் தெளிவாக இருந்தது. அதைத் தாண்டியதும் புது மனைப்பிரிவு. முப்பது அடிச் சாலை ஒன்று கிராவல் கொட்டி, காலுக்குக் குறுக்கே ஏறிப் போயிருந்தது. அடியில் ஒரு சிமெண்ட் குழாய் போட்டிருந்தார்கள். குழாயின் வாய் வாய்க்காலின் தரையைவிட முழங்கால் உயரம் மேலே இருந்தது. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறுவதற்குள் பக்கத்து மனைகளில் பரவி, தார்ச்சாலை ஓரமாக வழிந்து போய்விட்டது. நாங்கள் நின்ற இடத்தில் செருப்பு முழுகச் சேறு. பெரியவர் குனிந்து குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார், உள்ளே ஈரமே இல்லை.

அந்த மனைப்பிரிவின் தாள்களில் ஒரு குறையும் இல்லை. வரத்துக்கால் அங்கே பட்டா நிலத்துக்குள் ஓடுகிறது, எந்தப் பதிவிலும் இல்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. நீர்நிலைகளைக் காக்க 2007-இல் வந்த ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் பொதுப்பணித் துறையின் ஏரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பேரூராட்சியும் கோயில் அறக்கட்டளையும் பார்த்துக்கொள்கிற ஊருணிகளுக்கு அது கை கொடுக்காது.

இங்கேதான் உள்ளாட்சியின் பதில் முக்கியமாகிறது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, மண்டலத் திட்டமோ முழுமைத் திட்டமோ (மாஸ்டர் பிளான்) தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்து, ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்தில் கேட்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணை நகராட்சிகளின் வேலைகள் என்று போட்டிருக்கும் பட்டியலில் முதல் வரியே நகரத் திட்டமிடல்தான். மாவட்டத் திட்டக் குழு பற்றிய பிரிவு இன்னும் தெளிவானது: ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, நிலத் திட்டமிடலையும் தண்ணீர்ப் பகிர்வையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இவ்வளவு இடம் சட்டத்தில் இருக்கும்போது ‘ஆட்சேபணை இல்லை’ என்று இரண்டு சொல்லில் முடிப்பது எனக்குத் தாங்கவில்லை.

கனடாவின் வான்கூவர் பெருநகரப் பகுதியில் மண்டல வளர்ச்சித் திட்டம் நிறைவேற வேண்டுமானால் அதில் அடங்கிய நகராட்சிகள் அதைத் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும். மறுக்கிற நகராட்சி, எந்தெந்தப் பிரிவை மறுக்கிறது, என்ன காரணம் என்று எழுத வேண்டும். 2011-இல் கோக்விட்லம் என்ற நகரம் அப்படி மறுத்தது. பேச்சுவார்த்தை நடந்து, அந்த நகரம் சம்மதித்த பிறகே ஜூலையில் திட்டம் நிறைவேறியது. நம் சட்டத்தில் உள்ளாட்சிக்கு அந்த அளவு அதிகாரம் கிடையாது. ஆனால் எந்தப் பிரிவு, எந்த சர்வே எண், என்ன காரணம் என்று எழுதுவதற்கு நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அப்படி எழுதிய பதிலை ஒதுக்குவது கடினம். பிற்காலத்தில் வழக்கு என்று போனாலும் கையில் தாள் இருக்கும்.

என்னிடம் கேட்டால், பதிலில் முதல் இடம் வரத்துக்காலுக்குத்தான். ஒவ்வொரு ஊருணிக்கும் அதன் வரத்து, மறுகால் இரண்டையும் சர்வே எண்ணோடு வரைபடத்தில் குறித்து இணைக்க வேண்டும். பட்டா நிலத்துக்குள் ஓடுகிற பகுதியைத் தனி நிறத்தில் காட்ட வேண்டும். அந்த நிலத்தை யாரும் மனையாக்கக் கூடாது என்று கேட்டால் பட்டாக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. வேறு வழி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது இப்போதே உள்ள விதி. அந்தப் பூங்கா இடத்தை வழக்கமாக விற்காத மூலையில் தள்ளிவிடுவார்கள். அதை வரத்துக்காலின் இரண்டு கரையிலும் நீளவாக்கில் விட வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டால், மனை போடுகிறவருக்கு ஒரு சென்ட்கூடக் கூடுதல் நட்டமில்லை, கால் பிழைத்துவிடும். இதை நான் என் வாடிக்கையாளர்கள் சிலரிடம் சொல்லிச் செய்தும் இருக்கிறேன். மனை விலையும் அதனால் குறையவில்லை.

அப்புறம், பழைய ஊர். கானாடுகாத்தானிலோ கொத்தமங்கலத்திலோ மாலையில் நடந்து பாருங்கள். இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கிற வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பல பேர், ஆளுக்கொரு ஊர். ஒத்துப் போகாத இடத்தில் வீட்டை இடித்து, பர்மா தேக்குத் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் சேர்ந்தன. அந்தப் பெருமையை நாம் எல்லோரும் பேசுகிறோம். திட்டத்துக்குப் பதில் எழுதுகிறபோது இந்தத் தெருக்களின் அமைப்பையும் வாட்டத்தையும் காக்கும் விதி வேண்டும் என்று கேட்டால்தான் அந்தப் பேச்சுக்குப் பலன்.

மாநகராட்சியோடு சேர்ந்த ஊர்களுக்கு இன்னொரு சிக்கல். ஊராட்சியாக இருந்தவரை நூறு நாள் வேலையில் வரத்துக்காலைத் தூர் வாரினார்கள். நகர எல்லைக்குள் வந்ததும் அந்த வேலை இல்லை. இனி யார் வாருவது, எந்தத் தலைப்பில் பணம் என்பதையும் திட்டம் சொல்லியாக வேண்டும். காரைக்குடிக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் சம்பை ஊற்றின் மேல்பரப்பையும் இதே கவனத்தோடு பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. தண்ணீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் ஒரு பக்கம் எழுத, அரிமளமும் இராயவரமும் இன்னொரு பக்கம் எழுதாமல் இருந்தால் பாதி வரைபடம்தான் போகும். இரு பக்கத்துத் தலைவர்களும் ஒருமுறை உட்கார்ந்து, ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால் நல்லது.

வரைவு வெளிவந்த பிறகு கிடைக்கிற இரண்டு மாதத்தில் இதையெல்லாம் தொடங்கினால் முடியாது. ஊராட்சிகள் மார்ச் 22 கிராம சபையிலேயே தொடங்கலாம், அன்று தண்ணீர் நாள்தானே. பேரூராட்சிகள் அடுத்த மன்றக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள், ஊருணி வெட்டிய காலத்துப் பத்திரமோ வரைபடமோ வீட்டுப் பெட்டகத்தில் இருந்தால் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புங்கள். வரைபடம் போட்டுத் தர நான் வருகிறேன், கூலி வேண்டாம். வரத்துக்கால் தெரிந்த ஒரு பெரியவரையும் கிராம வரைபட நகலையும் மட்டும் தயாராக வைத்திருங்கள்.