ஒற்றைத் தண்டில் வரும் அனூரிசம்: கிளிப் போடும் முன்

அனூரிசம் என்பது தமனிச் சுவர் பலூன்போல் புடைக்கும் வீக்கம்; அதன் கழுத்தை உலோகக் கிளிப்பால் கவ்வி அடைப்பதே அறுவை. மூளையின் முன் தமனிகள் இடம், வலம் என இரண்டு. நடுவில் ஒரு குட்டி இணைப்புத் தமனி உண்டு. அதற்கு முந்தைய பகுதி ஏ1, பிந்தையது ஏ2, அதற்கும் அப்பால் ஏ3. மிகச் சிலருக்கு அந்த இணைப்பே இருக்காது. இரு பக்க ஏ1-உம் ஒன்றாகி, ஒரே ஏ2 தண்டாக மேலேறி, இரு அரைக்கோளங்களை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் முன்வளைவருகே பிரியும். இதுதான் அசைகஸ். இரு பக்க ரத்தமும் ஒரே குழாயில் வந்து அந்தக் கவையில் மோதுவதால் வீக்கமும் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தை மூடினால் ஊர் என்னவாகும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தண்டும் அப்படித்தான்.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில். ஆரணி, குடியாத்தம், ஆம்பூரிலிருந்து இன்றும் ஸ்கேன் பிலிமோடு இந்த மருத்துவமனைக்கு வருகிறார்கள். பிலிம் போதாது. ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனின் 1 மி.மீ.க்கும் மெல்லிய வெட்டுகள் முழுவதும் குறுந்தட்டில் வேண்டும். தடித்த வெட்டில் ஒட்டி ஓடும் இரண்டு ஏ2-கள் ஒன்றாகத் தெரியும். தமனிக்குள் குழாய் விட்டு எடுக்கும் டி.எஸ்.ஏ. படத்திலும் பொறி உண்டு: கழுத்துத் தமனியான கரோடிட் ஒன்றில் சாய மருந்து செலுத்தி இரு பக்கமும் நிரம்பினால் அசைகஸ் என்று முடிவு கட்டக்கூடாது. மறுபக்க ஏ1 சிறுத்திருந்தாலும், ஒரே ஏ2 இரு அரைக்கோளத்துக்கும் கிளை அனுப்பினாலும் படம் அப்படியே இருக்கும். இரு கரோடிடும் தனித்தனியே பார்த்தாக வேண்டும்.

அறுவையில் வழி இரு அரைக்கோளங்களின் இடுக்கு. மண்டையோட்டை நடுக்கோட்டைத் தாண்டித் திறக்க வேண்டும். முன்வளைவு வீக்கத்துக்கு நெற்றியை ஒட்டித் தாழத் திறந்தால்தான் வீக்கத்தைத் தொடுமுன் தண்டைப் பிடிக்க முடியும். மேலிருந்து போனால் முதலில் எதிர்ப்படுவது வீக்கத்தின் முகடு. தாழத் திறக்கும்போது நெற்றி சைனஸ் திறந்துகொண்டால், அதன் உட்சவ்வை நீக்கி மண்டையோட்டின் மேலுறைச் சவ்வான பெரிகிரேனியத்தால் மூடாவிட்டால் மூளைநீர் மூக்கு வழியே கசியும். மூளையிலிருந்து நடுக்கோட்டுப் பெருஞ்சிரைக்குப் பாலம்போல் செல்லும் சிரைகளை அறுக்காமல், மூளையின் தடித்த வெளிச்சவ்வான டூராவை அவற்றைச் சுற்றி வெட்டுவது நல்லது.

இந்த இடுக்கில் வடிக்கப் பெரிய நீர்த்தொட்டி இல்லை. மானிட்டால் மருந்து கொடுத்தோ மூளையின் நீரறையான வென்ட்ரிக்கிளிலிருந்து நீர் எடுத்தோ மூளையைத் தளர்த்த வேண்டும். மூளையை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரை அழுத்தினால், கலோசத்துக்கு மேலுள்ள சிங்குலேட் மடிப்பில் ஒட்டிய முகடு அங்கேயே கிழியும். சிங்குலேட்டையே கலோசம் என்று நினைப்பவர்களும் உண்டு. கலோசம் பளிச்சென்ற வெள்ளை.

தண்டின் ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்தும் டெம்பரரி கிளிப்தான் நெருடலான இடம். தண்டை அடைத்தால் இரு கால்களின் மோட்டார் பகுதியும் ஒருசேரப் பட்டினி கிடக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்து, ரத்தம் ஓடவிட்டு, மீண்டும் போடுவதே பாதுகாப்பு. ரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, இரு கால்களின் எம்.இ.பி.யையும் (மோட்டார் நரம்புச் சைகை) பார்த்தபடி. அடினோசின் கொடுத்துச் சில நொடிகள் இதயத்தை நிறுத்துவது மாற்றுவழி.

கழுத்து அகலமாக, இரு கிளைகளின் வேரையும் சேர்த்துக்கொண்டிருக்கும். கிளிப்பைக் கிளைகளின் போக்குக்கு இணையாக வைத்து, ஒளிரும் சாயமான ஐ.சி.ஜி.யிலும் ஒலியலைக் கருவியான மைக்ரோ டாப்ளரிலும் இரு கிளையும் ஓடுவதைப் பார்க்க வேண்டும். கிளையை நெரிப்பதைவிடக் கழுத்தில் துளி மிச்சம் விடுவதே மேல்.

இரு ஏ3-களையும் ஒன்றோடொன்று தைத்து இணைக்கும் ஏ3-ஏ3 பைபாஸ் எல்லாவற்றுக்கும் காப்பு என்ற நம்பிக்கை தவறு. ஒரு கிளையை இழந்தால்தான் அது உதவும். தண்டே போனால் இரண்டு ஏ3-க்கும் ரத்தம் இல்லை. உச்சந்தலைத் தமனியிலிருந்து ஒட்டுக்குழாய் வைத்துக் கொண்டுவர வேண்டும். குழாய்க்குள்ளிருந்தே ஸ்டென்ட் வைத்து வீக்கத்தைக் காயில் கம்பிச்சுருளால் நிரப்பலாம்தான், ஆனால் அதற்குத் தேவையான இரட்டை ரத்தமிளக்கி மருந்து வெடித்த வீக்கத்தில் தொல்லை.

மற்றப் பிறவி வேறுபாடுகளில் இரண்டு: ஏ1 பார்வை நரம்புக்கு அடியில் ஓடினால், கரோடிட் கவையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, கண் தமனியருகே தேட வேண்டும். மூளைத்தண்டின் முன்னே ஓடும் பேசிலர் தமனியில் பிளவு (இரண்டாகி மீண்டும் சேர்தல்) இருந்தால் கிளிப் ஒரு கிளையையும் அதன் நுண்குழாய்களையும் மூடிவிடும். அங்கே காயிலே முதல் தேர்வு.

ரத்தம் கசிந்தவருக்கு நிமோடிபின் 60 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை குழாய் இறுக்கம் வரும் காலம். அசைகஸில் அது இரு பக்கத்தையும் தாக்கும். நோயாளி கண் விழித்தபடி பேசாமல், அசையாமல் கிடந்தால் “அசதி, தூங்கட்டும்” என்று உறவினர் விட்டுவிடக்கூடாது. இரு காலையும் தூக்கச் சொல்லிப் பார்த்து, அப்போதே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.