பத்தாம் மாதம்

"பத்தாம் மாசத்திலயா? நான் ஒன்பதாம் மாசமே போயிட்டனே, டொக்டர்."

சொல்லிவிட்டு அந்தத் தாய் மகனின் தலையைத் தடவினார். அதற்குப் பிறகும் நான் நிறையப் பேசினேன். ஆனால் அந்த ஒரு வரிக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை.

இரண்டரை வருடத்துக்கு முன் அந்தப் பையனை அம்மம்மாதான் கூட்டி வந்திருந்தார். மண்டூரிலிருந்து 'பாதை' என்ற மிதவைப் படகில் மட்டக்களப்பு வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வந்தவர்கள். பையனுக்கு ஒன்பது வயது. கீழே இடப்பக்கம் கடைசிப் பாற்பல்லில் ஆழமான சூத்தை, முரசு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. பிள்ளை மூன்று இரவு தூங்கவில்லையாம். எக்ஸ்ரே எடுக்க வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு இன்னொரு நாள், இன்னொரு பஸ். விறைக்க ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினேன்.

பிடுங்கிய பல்லைத் துணியில் வைத்து ஒரு கணம் பார்த்தேன். வேர் இரண்டும் நீளமாக, நுனி கொஞ்சமும் தேயாமல், எதையோ கவ்வியிருந்தது போல விரிந்து இருந்தன. அந்த விரிவுக்கு நடுவில்தான் நிரந்தரப் பல்லின் அரும்பு இருக்கும். அது வளர்ந்து மேலே வர வர, பாற்பல்லின் வேர் கரைந்து குட்டையாகும். இந்த வேர் கரையவே தொடங்கவில்லை. கவனித்தேன். இல்லை என்று சொன்னால் பொய்.

அப்போதுதான் அம்மம்மா கேட்டார். "மறுகா முளைக்கும்தானே, மகள்?"

"ஓம் அம்மா, முளைக்கும்."

பையன் கூரையில் எறியப் பல்லைக் கேட்டான். கழுவிக் கொடுத்தேன்.

ஒன்பது வயதில் அந்தப் பல்லின் வேர் கரையாமல் இருப்பது அதிசயம் இல்லை. அது விழுவது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். சில பிள்ளைகளுக்கு எல்லாமே பிந்தும். சீழ் கட்டிய பல்லைப் பிடுங்கியது குற்றமா? இப்படி எனக்குள் பல தடவை வாதாடியிருக்கிறேன். பாதி நாள் நான்தான் வெல்வேன். மீதி நாட்களில் அந்தத் துணியும் அந்த வேரும் கண்ணில் வரும். அடியில் அரும்பு இல்லை என்று தெரிந்திருந்தால் வேருக்குச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றப் பார்த்திருப்பேன். கீழே அடுத்த பல் இல்லாதபோது அந்தப் பாற்பல் இருபது வயது தாண்டியும் நிற்கக்கூடியது.

இந்தமுறை தாய் வந்தார். கட்டாரில் இருந்து லீவில் வந்தவர். ஒரு கையில் எக்ஸ்ரே, மறு கையில் போன். எக்ஸ்ரேயில் வலப்பக்கம் பாற்பல்லின் கால்களுக்கு நடுவே புதுப்பல் குந்தியிருக்கிறது. இடப்பக்கம் வெறும் எலும்பு. பின்னால் இருந்த பெரிய கொடுப்புப்பல் வெற்றிடத்தைப் பார்த்துச் சரியத் தொடங்கிவிட்டது.

போனில் இருந்தது ஜப்பான் செய்தி. பல் முளைக்க மருந்து. அது உண்மைதான் என்றேன். யுஸாக்-1 என்ற புரதம் பல்லரும்பின் வளர்ச்சியைத் தடுக்கிறது. அதை மறிக்கும் மருந்தை கட்சு தக்காஹாஷியின் குழு எலியிலும், கீரி போன்ற ஃபெரட்டிலும் பரிசோதித்து, பல் வளர்ந்ததை 2021இல் எழுதியது. 2024இல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதரில் சோதனை தொடங்கியது. முதலில் வளர்ந்த ஆண்களில், மருந்து பாதுகாப்பானதா என்று மட்டும் பார்க்க. "பார்த்துக்கொண்டிருப்போம்" என்றேன். அதுவும் இன்னொரு 'முளைக்கும்' தானோ என்று இப்போது நினைக்கிறேன். அந்த எலும்புக்குள் எழுப்புவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறது என்று எக்ஸ்ரே சொல்லவில்லை.

அப்புறம் அவர் கேட்டார். "வயித்துல இருக்கேக்க நான் ஒழுங்காச் சாப்பிடல்ல. அதனாலயா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. பேராதனையில் படிக்கும்போது நுணுக்குக்காட்டியில் எலிக் கருவின் தாடையைப் பார்த்து நேரம் போவது தெரியாமல் இருந்தவள் நான். மனிதக் கருவில் ஆறாம் வாரமளவில் வாயின் உள்தோல் ஓர் இடத்தில் தடிக்கும். அது கீழே இறங்கி மொட்டாகும், பிறகு தொப்பி, பிறகு மணி. அந்த உள்தோல் எனாமலைத் தரும், அடியில் உள்ள இழையம் பல்லின் உட்பகுதியைத் தரும். இரண்டும் மாறி மாறிச் சைகை கொடுத்தால்தான் பல். ஒன்று மௌனமானால் அங்கேயே நின்றுவிடும். தாளில் படம் கீறிக் காட்டினேன். எனக்கு இதில் உள்ள ஆசையை மறைக்க முடியாது. எல்லாவற்றையும்விட அவருடைய மனப்பாரத்தை இறக்கிவிடலாம் என்ற அவசரம்.

"இந்தப் பல்லின் அரும்பு வயிற்றில் இருக்கும்போது உருவாவதே இல்லை. பிள்ளை பிறந்து பத்தாம் மாதமளவில்தான் தொடங்கும். அதனால் உங்கட சாப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை."

அப்போதுதான் அவர் அந்த வரியைச் சொன்னார்.

தாய் வெளிநாடு போனதால் பல்லரும்பு நிற்காது. பரம்பரையில் வருவது, எம்.எஸ்.எக்ஸ்-1, பாக்ஸ்-9 என்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தாலும் பல் இல்லாமல் போகும் என்றெல்லாம் சொன்னேன். "எங்கட பக்கமா, அவர்ட பக்கமா?" என்று கேட்டார். அதற்கும் விளக்கம் கொடுத்தேன். தலையாட்டினார். ஆனால் அவருடைய கண் தாளில் நான் எழுதிய '10' என்ற எண்ணிலேயே நின்றது.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "அரும்பு இல்லாதது யாருடைய பிழையும் இல்லை, அம்மா. ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் பாற்பல்லைப் பிடுங்கியது நான்." நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, அல்லது பிள்ளையை இனி எந்த ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவர மாட்டேன் என்றிருப்பாரா? ஒரு நாள் அப்படித் தோன்றும், ஒரு நாள் இப்படி. சீழ் கட்டிய பல், எப்படியும் நின்றிருக்காது என்று சொல்லிக்கொள்வேன். நின்றிருக்கும் என்றும் தெரியும், ஒழுங்காகப் பார்த்திருந்தால். அவர் தன்னைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் மணி நிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பையன் பேசவே இல்லை. நாக்கால் அந்த வெற்றிடத்தைத் துழாவிக்கொண்டு போனில் ஏதோ விளையாடினான். போகும்போது அந்தத் தாளைக் கேட்டார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கட்டாருக்கும் கொண்டு போவார் போல.

சரிந்து வரும் கொடுப்புப்பல்லை நிறுத்த என்ன செய்யலாம் என்று பார்க்க அடுத்த மாதம் கிளினிக் போட்டிருக்கிறேன். அவருடைய லீவு அதற்கு முன்னமே முடிகிறதாம். அம்மம்மாதான் கூட்டி வருவார்.