மூன்று சவரக்கத்திகள், நான்கு மாதம்

பழைய மடக்குச் சவரக்கத்திகளைச் சீர்செய்யத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. இதுவரை கையில் எடுத்தவை மூன்று. முதலாவதைக் கெடுத்துவிட்டேன். இரண்டாவதில்தான் இப்போது தினமும் சவரம். மூன்றாவது மேசைமேல் வேலை முடியாமல் கிடக்கிறது.

முதல் கத்தி செந்துரு மூடி வந்தது. பளபளவென்று ஆக்கிவிடும் ஆசையில், கையடக்க மெஷினில் பாலிஷ் சக்கரத்தை மாட்டி ஓட்டினேன். பத்து நிமிடத்தில் கண்ணாடிபோல மின்னியது. கூடவே கத்தியின் வாயோரத்தில், அதாவது வெட்டும் விளிம்பில், நகக்கண் அளவுக்கு ஒரு நீலம். எஃகில் நீலம் படர்ந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது, பதம் (எஃகின் கடினம்) போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் கத்திகளின் பக்கங்களைக் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். முதுகு தடிமன், வாய் தாள் மாதிரி. சூட்டை வாங்கிக்கொள்ள வாயோரத்தில் இரும்பே கிடையாது. பதம் போன இடத்தைத் தீட்டினால் கூர் வரும், ஒரே சவரத்தில் மடங்கிவிடும். சக்கரம் கத்தியைப் பிடுங்கி எறியும் ஆபத்தும் உண்டு. அன்றோடு மெஷினை எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டாவது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தி. வாய்க்கும் பிடிக்கும் இடைப்பட்ட காம்பில் கிரீடமும் 'வி.ஆர்.' என்ற எழுத்துகளும் இருந்தன. அது 1837 முதல் 1901 வரை ஆண்ட விக்டோரியா அரசியின் முத்திரை. அதன் கீழே 'காஸ்ட் ஸ்டீல்', அதாவது வார்ப்பு எஃகு. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஷெஃபீல்டை ஒட்டிய பகுதியில் மூசையில் (உலோகம் உருக்கும் மண்குடுவையில்) எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த எஃகு என்பதைக் கத்தி செய்தவர்கள் பெருமையாகப் பொறித்துக்கொண்டார்கள். இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891 முதல் கட்டாயமாக்கியது. அதனால் 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்று பொறித்த கத்திகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. என்னுடையதில் நாட்டின் பெயர் இல்லை. நாலு எழுத்தில் இத்தனை வரலாறு இருக்கும்போது அதன்மேல் வாட்டர் பேப்பரைப் போட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் செந்துருவை மட்டும் எடுத்தேன். முதலில் வாயைக் கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் மெல்ல இழுத்து மழுக்கிக்கொண்டேன். கைவிரலுக்கு அது அவசியம். பிறகு கத்தியை மரக்கட்டையின் மேல் படுக்க வைத்து, எழுத்துகள்மேல் படாமல், எண்ணெய் தொட்டு 600, 1000, 2000 எண் தாள்களால் தேய்த்தேன். எண் கூடக்கூடத் தாளும் கல்லும் நைசு. காலத்தால் படிந்த கறுப்பு அப்படியே இருக்கிறது. அது எஃகை அரிக்காது. பார்க்க வேண்டியது வாயோரக் குழிகளைத்தான். துரு அங்கே ஆழமாக இறங்கியிருந்தால், தீட்டத் தீட்டப் பல் பல்லாக உதிரும். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், நல்லவேளை, குழிகள் முதுகுப் பக்கத்தோடு நின்றுவிட்டன.

தீட்டுவதுதான் நெடுநாள் இழுத்தது. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படியும்படியே இந்தக் கத்தியைச் செய்திருக்கிறார்கள். தீட்டும் கோணத்தை முதுகின் தடிமனே தீர்மானித்துவிடுகிறது, நாம் கணக்கிட வேண்டியதில்லை. ஆனால் முன்பு யாரோ அழுத்தித் தேய்த்ததில் முதுகு ஒரு பக்கம் கரைந்திருந்தது. வாயோரம் முழுக்க மார்க்கர் பூசி 1000 எண் கல்லில் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அடியிலும் நடுவிலும் மை போனது, நுனியில் அப்படியே நின்றது, அங்கே கல் படவில்லை. சரியாகிவிடும் என்று நினைத்து 4000, 8000, 12000 என்று ஏறிப்போனேன். கன்னத்தில் வெண்ணெயாய் வழுக்கியது. தாடையில் நுனி பட்டதும் முடியைப் பிடித்து இழுத்தது. திரும்ப 1000க்கே இறங்கி, நுனியிலும் மை அழியும் வரை மூன்று மாலை இழுத்தேன். அடிக்கல்லில் கூர் சேராவிட்டால் மேல்கல் எதுவும் அதைக் கொண்டுவராது. மேல்கல் வழவழப்பைத்தான் தரும்.

கல்லுக்குப் பிறகு கத்தியை இழுத்துத் தீட்டும் தோல்வாரில் ஒரு வெட்டும் விழுந்தது. கடைசியில் கத்தியைத் திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். நான் வாயின்மேல் புரட்டிவிட்டேன்.

மூன்றாவதில் கைப்பிடிக்கு உள்ளே இருந்த பகுதி மட்டும் துருப்பிடித்திருந்தது. பிடி செல்லுலாய்டு: நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்த பழைய பிளாஸ்டிக். அது சிதையத் தொடங்கினால் அமில ஆவி கிளம்பி எஃகை அரிக்கும், பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் விடாது. சட்டென்று தீப்பற்றும் என்பதால் அதைச் சூடாக்கிப் பார்க்கவும் கூடாது. பழைய பிடியைக் கழற்றிவிட்டுக் கருங்காலியில் புதுப்பிடி அறுத்தேன். 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பிதான் ஆணி. பலமாக ஒரு போடு போட்டால் கம்பி வளைந்துவிடுகிறது. சின்னச் சுத்தியலால் நூறு முறை தட்டித்தான் தலை விரிய வேண்டும்.

நேற்று ஆணி பிடித்துக்கொண்டது. மடக்கினால் கத்தி நடுவில் இறங்காமல் இடதுபக்கம் சாய்ந்து மரத்தில் உரசுகிறது. பிடியின் வால்பக்கம், இரு பலகைகளுக்கு நடுவே வைத்த ஆப்பு ஒரு பக்கம் தடித்துவிட்டது. இன்று ராத்திரி ஆணியை அராவி எடுத்து, ஆப்பைத் திரும்பச் சீவப் போகிறேன்.